ஃப்ரோசன் வெஜ் ஸ்நாக்ஸ் ஏர் ஃப்ரையர்ல மொறுமொறுன்னு வரணுமா? பாக்கெட் பிரிக்கிறதுலருந்து கழுவி வைக்கிற வரைக்கும் முழு வழிகாட்டி

ஏர் ஃப்ரையர் வாங்கினவங்க பெரும்பாலும் முதல்ல போடுறது ஒரு பாக்கெட் ஃப்ரோசன் ஃப்ரைஸ் இல்லன்னா வெஜ் நகெட்ஸ்தான், அது சரியா வரலன்னா மெஷின் சரியில்லன்னு மூலைல வச்சிடுறாங்க. புகார் ரெண்டே வகைதான் இருக்கும். ஒண்ணு, வெளிய கருகிடுச்சு ஆனா நடுவுல கடிச்சா ஜில்லுன்னு இருக்கு. இன்னொண்ணு, உள்ள நல்லா வெந்திருக்கு ஆனா மேல நமத்துப்போய் தொளதொளன்னு இருக்கு. ரெண்டுக்கும் காரணம் தண்ணிதான். ஐஸா உறைஞ்சு கிடக்குற தண்ணிய உருக்கி, மேல இருக்க ஈரத்த ஆவியாக்கி கூடைய விட்டு வெளிய அனுப்புறது எவ்ளோ வேகமா நடக்குதோ அவ்ளோ நல்லா மொறுமொறுப்பு வரும், கீழ நான் சொல்லப்போற ஒவ்வொரு ஸ்டெப்பும் இதுக்காகத்தான், அதனால டைமிங் மட்டும் பாத்துட்டு போயிடாதீங்க, காரணத்தையும் படிங்க, அப்பதான் கைல எந்த புது பாக்கெட் கிடைச்சாலும் சமாளிக்கலாம்.

முதல்ல உள்ள என்ன நடக்குதுன்னு பாத்துடுவோம்

பிலிப்ஸ் கம்பெனி 2010ல ஏர்ஃப்ரையர்ங்கிற பேர்ல இத மார்க்கெட்டுக்கு கொண்டு வந்தாங்க, அதுக்கப்புறம் எல்லா கம்பெனியும் செய்ய ஆரம்பிச்சிட்டாங்க, ஆனா வேலை செய்யுற விதம் எல்லாத்துலயும் ஒண்ணுதான். மேல ஒரு ஹீட்டிங் காயில், அதுக்கு மேல ஒரு ஃபேன், கீழ ஓட்டை போட்ட கூடை. சூடான காத்து வேகமா கூடைக்குள்ள சுத்தி சுத்தி வரும். சின்ன சைஸ் கன்வெக்ஷன் அவன், அதாவது ஃபேன் வச்ச அவன்னு புரிஞ்சுக்கிட்டா போதும். இதுல எண்ணெயில பொரிக்கிற வேலையே நடக்கல. அப்ப பொரிச்ச ருசி எங்கருந்து வருதுன்னா, அது ஏற்கனவே ஃபேக்டரிலயே நடந்து முடிஞ்சிடுச்சு. ஃப்ரோசன் ஃப்ரைஸ எடுத்துக்கோங்க, உருளைக்கிழங்க தோல் சீவி, வெட்டி, சுடுதண்ணில கொஞ்ச நேரம் போட்டெடுத்து, ஈரம் போக காய வச்சு, எண்ணெயில ஒரு தடவ அரைகுறையா பொரிச்சு, அதுக்கப்புறம்தான் உறைய வைக்கிறாங்க. நகெட்ஸ், ஹாஷ் பிரவுன், ஆனியன் ரிங்ஸ் எல்லாம் பெரும்பாலும் இதே கதைதான். பாக்கெட் பின்னாடி சேர்மானப் பட்டியல்ல எண்ணெய் பேரு இருக்கும் பாருங்க, அந்த எண்ணெய்தான் உங்க கூடைல சூடாகி மேல் தோல மொறுமொறுப்பாக்குது.

இப்ப ஐஸ் கணக்குக்கு வருவோம். ஃப்ரீசர் வழக்கமா மைனஸ் 18 டிகிரி செல்சியஸ்ல இருக்கும். ஒரு கிலோ ஐஸ உருக்க மட்டுமே சுமார் 334 கிலோஜூல் சூடு வேணும், அதே சூட்ட 0 டிகிரி தண்ணிக்கு குடுத்தா அது கிட்டத்தட்ட 80 டிகிரி வரைக்கும் ஏறிடும், அவ்ளோ சூட்டையும் ஐஸ் தண்ணியா மாறுறதுக்கே விழுங்கிடுது. அந்த தண்ணி ஆவியாகணும்னா இன்னும் சுமார் 2260 கிலோஜூல், அதாவது உருக்குறதப் போல ஏழு மடங்கு கிட்ட. மேற்பரப்புல ஈரம் இருக்க வரைக்கும் அந்த இடம் 100 டிகிரிய தாண்டாது, ஆனா பொன்னிறமா சிவக்குறது 140 டிகிரிக்கு மேல போனாதான் வேகம் பிடிக்கும். இத மனசுல வச்சுக்கிட்டா கூடைய ஏன் ரொப்பக்கூடாது, ஏன் வெளிய எடுத்து உருக விடக்கூடாதுன்னு யாரும் சொல்லாமலே புரிஞ்சிடும்.

ஸ்டெப் 1: பாக்கெட்ட முழுசா படிங்க

ரெண்டு விஷயத்த தேடுங்க. ஏற்கனவே பொரிச்சதா இல்ல பச்சையா, அது முதல் கேள்வி. சேர்மானத்துல எண்ணெய் இருந்து, அவன்ல செய்யுற முறையும் குடுத்திருந்தா அது ஏர் ஃப்ரையருக்கு நல்லாவே ஒத்துவரும். டீப் ஃப்ரை பண்றதுக்கு மட்டும்தான் முறை போட்டிருக்குன்னா கவனமா இருங்க, மேல்மாவு பச்சையா இருக்க வாய்ப்பு அதிகம். ஸ்பிரிங் ரோல், சமோசா மாதிரி மாவுத் தோல் சுத்தினதுன்னா எண்ணெய் தடவி செஞ்சுடலாம், கரைச்ச மாவுல முக்கி பொரிக்காம அப்படியே உறைய வச்சதுன்னா ஏர் ஃப்ரையர்ல வேலைக்கே ஆகாது, அந்த மாவு செட் ஆகுறதுக்கு முன்னாடியே உருகி கூடை ஓட்டை வழியா கீழ வழிஞ்சிடும்.

ரெண்டாவது கேள்வி டெம்பரேச்சரும் நேரமும். ஏர் ஃப்ரையர் முறைன்னு தனியா போட்டிருந்தா அதையே ஆரம்பமா வச்சுக்கோங்க. அவன் முறை மட்டும் இருந்தா சாதாரண அவன் டிகிரிலருந்து 20 குறைச்சு, நேரத்துல அஞ்சுல ஒரு பங்கு குறைச்சுக்கோங்க. ஃபேன் அவனுக்கான கணக்கு குடுத்திருந்தா டிகிரிய அப்படியே வச்சுட்டு நேரத்த மட்டும் குறைச்சா போதும். ஃபாரன்ஹீட்ல போட்டிருந்தா 350ங்கிறது 177 செல்சியஸ், 375ங்கிறது 190, 400ங்கிறது 204.

இன்னொரு விஷயம், இத யாரும் பெருசா பேசுறதில்ல ஆனா எனக்கு ரொம்ப முக்கியமா படுது. உறைய வச்சா கிருமி செத்துடும்னு நிறைய பேர் நம்புறாங்க. சாகாது, தூங்கும் அவ்ளோதான். லிஸ்டீரியாங்கிற பாக்டீரியா குளிர்லயும் உயிரோட இருக்கும், 2015லருந்து 2018 வரைக்கும் ஐரோப்பாவுல அஞ்சு நாடுகள்ல உறைய வச்ச மக்காச்சோளம் மூலமா பரவி 47 பேர் பாதிக்கப்பட்டு அதுல 9 பேர் இறந்தாங்க. காய்கறிதானே, அரைகுறையா சூடானா போதும்னு விட்டுடாதீங்க. உள்ள நடுப்பகுதி 74 டிகிரி தொடணும், முக்கியமா கர்ப்பிணிங்க, வயசானவங்க, சின்னக் குழந்தைங்க சாப்பிடுற வீடா இருந்தா. மேல தடவியிருக்க மாவும் பச்சை மாவா இருக்கலாம், அதனால உறைஞ்ச நிலையில வாய்ல போட்டு ருசி பாக்குறதும் வேணாம்.

ஸ்டெப் 2: ஃப்ரீசர்லருந்து நேரா கூடைக்கு

உருக விடாதீங்க. இது ஒண்ணுதான் எல்லா வகைக்கும் பொதுவான விதி. முதல்ல உருகட்டும் அப்புறம் சீக்கிரம் வெந்துடும்னு நினைக்கிறது நியாயமா தெரியும், ஆனா மேல ஒட்டியிருக்க பனி உருகி பிரெட் க்ரம்ப்ஸ்லயும் மாவுப் பூச்சுலயும் ஊறிடும், ஒரு தடவ ஊறினா எவ்ளோ சூடு குடுத்தாலும் அது பழைய மாதிரி மொறுமொறுன்னு வராது, உரிஞ்சுதான் வரும். மெஷின ஆன் பண்ணி சூடாக விட்டுட்டு அதுக்கப்புறம் ஃப்ரீசர திறங்க.

பாக்கெட்டுக்குள்ள தூளா பனி நிறைய இருந்தா அது வழியில எங்கயோ கொஞ்சம் உருகி மறுபடி உறைஞ்சதுக்கான அடையாளம். தூக்கிப்போட தேவையில்ல, கம்பி வடிகட்டில போட்டு நாலு குலுக்கு குலுக்கி அந்த பனித்தூள உதிர்த்துட்டு போடுங்க, உள்ள போற தண்ணி அளவு அங்கயே குறைஞ்சிடும். மொத்தமா ஒரே கட்டியா ஒட்டிக்கிட்டு இருந்தா பாக்கெட்டோட கிச்சன் மேடைல லேசா தட்டி பிரிங்க, தண்ணில காட்டி பிரிக்காதீங்க. தட்டியும் பிரியாத அளவுக்கு இறுகி கிடந்தா முழுசா உருகி உறைஞ்சிருக்குன்னு அர்த்தம், எவ்ளோ நேரம் உருகி கிடந்துச்சுன்னு யாருக்கும் தெரியாது, அத நான் சமைக்க மாட்டேன். தேவையான அளவு எடுத்ததும் மிச்சத்த காத்து எடுத்துட்டு இறுக்கி கட்டி உடனே உள்ள வச்சிடுங்க.

ஸ்டெப் 3: மெஷின் வைக்கிற இடம், ப்ரீஹீட்

பின்னாடி சூடான காத்து வெளிய வரும், அதனால சுவத்துலருந்து குறைஞ்சது 10 சென்டிமீட்டர் தள்ளி வைங்க, மேல அலமாரி இடிக்குற மாதிரி இடம் வேணாம். இந்த மெஷின் எல்லாம் சுமார் 1400லருந்து 1700 வாட் இழுக்கும், நேரா சுவத்து பிளக்ல போடுங்க, எக்ஸ்டென்ஷன் கார்டுல இன்னும் ரெண்டு மூணு பொருளோட சேத்து போடுறது ஆபத்து.

ப்ரீஹீட் வேணுமா வேணாமான்னு ஒரு பெரிய சண்டையே நடக்கும். என்னோட கருத்து, ஃப்ரோசன் பொருளுக்கு கண்டிப்பா வேணும், 3லருந்து 5 நிமிஷம் போதும். குளிர்ந்த கூடைல போட்டா முதல் சில நிமிஷம் வெதுவெதுன்னு காத்து அடிக்கும், அந்த நேரத்துல பனி உருகி ஈரமா நிக்கும். சூடான கூடைல போட்டா அடிப்பக்கம் உடனே சுருக்குன்னு பிடிச்சுக்கும். ப்ரீஹீட் பட்டன் இல்லாத மெஷின்ல காலி கூடையோட அதே டிகிரில ஓட விட்டா போதும். காலியா ஓடும்போது பார்ச்மென்ட் பேப்பர் மட்டும் உள்ள போட்டு வைக்காதீங்க, மேல வெயிட் இல்லாததால ஃபேன் காத்துல பறந்து காயில்ல ஒட்டி தீப்பிடிக்கும். பொதுவாவே பேப்பர் லைனர் எனக்குப் பிடிக்காது, கூடைக்கு ஓட்டை போட்டதே கீழருந்து காத்து வரணும்னுதான், அத பேப்பர் போட்டு மூடிட்டா அடிப்பக்கம் நமத்துப்போகத்தான் செய்யும். சீஸ் வழியுற ஐட்டத்துக்கு மட்டும் ஓட்டை போட்ட லைனர் போடலாம்.

ஸ்டெப் 4: கூடைய நிரப்புறது, இங்கதான் எல்லாம் கெட்டுப்போகுது

ஒரே லேயர். நடுவுல விரல் நுழையுற இடைவெளி. கட்லெட், பேட்டி, நகெட்ஸ், ஹாஷ் பிரவுன், ஸ்பிரிங் ரோல் எல்லாத்துக்கும் இதுதான், ஒண்ணு மேல ஒண்ணு ஏறக்கூடாது, ஒண்ணோட ஒண்ணு ஒட்டக்கூடாது. ஒட்டின இடத்துல காத்து போகாது, காத்து போகாத இடத்துலருந்து ஆவி வெளிய வராது, அந்த இடம் மட்டும் வெளுத்து மாவு மாவா நிக்கும்.

ஃப்ரைஸ், டேட்டர் டாட்ஸ் (துருவின உருளைக்கிழங்குல செஞ்ச குட்டி உருண்டைங்க) மாதிரி குலுக்கி விடக்கூடிய ஐட்டத்துக்கு கொஞ்சம் சலுகை உண்டு, ரெண்டு லேயர் வரைக்கும் போகலாம், ஆனா கூடை உயரத்துல பாதிய தாண்டக்கூடாது. 4 லிட்டர் சைஸ் கூடைன்னா ஒரு ஈடுக்கு 300லருந்து 400 கிராம் ஃப்ரைஸ் போட்டா நல்லா வரும். ஒரு கிலோ பாக்கெட்ட மொத்தமா கொட்டுறவங்க இருக்காங்க, மேல பாத்த கணக்க யோசிங்க, அவ்ளோ ஐஸையும் உருக்கி ஆவியாக்க அந்த சின்ன காயில் திணறிடும், உள்ள டெம்பரேச்சர் சட்டுன்னு இறங்கிடும், கூடை முழுக்க ஆவி நிரம்பி இட்லிப் பானை மாதிரி ஆயிடும், அரை மணி நேரம் ஓடினாலும் பொரிச்ச ருசி வராது.

நிறைய பேருக்கு செய்யணும்னா ஈடு ஈடா போடுங்க. முதல் ஈட்ட முக்கால்வாசி வெந்ததும் எடுத்து கம்பி ரேக்ல வைங்க, அடுத்த ஈடு முடிஞ்சதும் எல்லாத்தையும் ஒண்ணா கூடைல கொட்டி 200 டிகிரில 2 நிமிஷம் சூடு காட்டினா எல்லாமே ஒரே நேரத்துல சுடச்சுட மொறுமொறுன்னு தட்டுக்கு வரும், இப்ப ஈரம் ஏற்கனவே போயிட்டதால கூடை நிறைஞ்சு இருந்தாலும் பிரச்சனை இல்ல. ரெண்டு மூணு தட்டு இருக்க அவன் டைப் மெஷின்னா பாதி நேரத்துல மேல் தட்ட கீழயும் கீழ் தட்ட மேலயும் மாத்துங்க, மேல இருக்கதுதான் காயிலுக்குப் பக்கத்துல இருக்கு, அது முதல்ல சிவந்துடும்.

ஸ்டெப் 5: எண்ணெய் யாருக்கு வேணும், உப்பு எப்ப போடணும்

ஏற்கனவே பொரிச்சதுக்கு எண்ணெய் தேவையில்ல, ஊத்தினா அது கீழ ட்ரேல போய் சேர்ந்து புகையும். மாவுத் தோல் ஐட்டத்துக்கு கட்டாயம் வேணும், பிரஷ்ல மெல்லிசா ரெண்டு பக்கமும் தடவுங்க, மூலை மடிப்புலயும் தடவுங்க, எண்ணெய் படாத இடம் வெள்ளையா காஞ்சு அட்டை மாதிரி இருக்கும். எதுவும் சேக்காம உறைய வச்ச ப்ரோக்கோலி, காலிஃப்ளவர், பீன்ஸ் மாதிரி வெறும் காய்க்கும் எண்ணெய் வேணும், ஆனா ஆரம்பத்துல வேணாம். ஐஸ் மேல எண்ணெய் ஊத்தினா அது ஒட்டாது, உருகுற தண்ணியோட சேந்து கீழ இறங்கிடும். முதல் 4 அல்லது 5 நிமிஷம் வெறுமனே ஓட விட்டு, மேல ஈரம் காஞ்சதும் எடுத்து ஒரு ஸ்பூன் எண்ணெய், மசாலாத்தூள் எல்லாம் போட்டு பிரட்டி மறுபடி உள்ள போடுங்க, வித்தியாசம் முதல் தடவையே தெரியும்.

கடைல விக்கிற ஏரோசால் எண்ணெய் ஸ்ப்ரே கேன்ல பெரும்பாலும் லெசித்தின்ங்கிற ஒரு பொருள சேத்திருப்பாங்க, அது நான் ஸ்டிக் கூடைல பிசுபிசுன்னு ஒரு படிமமா உக்காந்துடும், தேய்ச்சாலும் போகாது, தேய்க்கத் தேய்க்க கோட்டிங்தான் போகும். சாதாரண எண்ணெய ஊத்தி அழுத்துற பம்ப் பாட்டில் வாங்கிக்கோங்க, இல்ல பிரஷ் போதும்.

உப்பு எப்பவும் கடைசில, சூடா எடுத்த உடனே. முன்னாடியே போட்டா ஈரத்த இழுத்து வெளிய கொண்டு வரும். பாக்கெட் ஐட்டம் நிறையத்துல ஏற்கனவே உப்பு இருக்கும், ஒண்ணு சாப்பிட்டுப் பாத்துட்டு போடுங்க.

ஸ்டெப் 6: எதுக்கு எவ்ளோ டிகிரி, எவ்ளோ நேரம்

இதெல்லாம் ப்ரீஹீட் பண்ணின கூடைல ஒரே லேயரா போட்ட கணக்கு. மெஷினுக்கு மெஷின் மாறும், அதனால குறைஞ்ச நேரத்துல ஒரு தடவ திறந்து பாத்துடுங்க, திறந்தா கெட்டுப்போயிடும்ங்கிற பயமே வேணாம், மூடின ஒரு நிமிஷத்துக்குள்ள பழைய சூட்டுக்கு வந்துடும்.

உருளைக்கிழங்கு குடும்பம் சுலபம், எல்லாமே 200 டிகிரி. மெல்லிசான ஃப்ரைஸ் 10லருந்து 14 நிமிஷம், சாதாரண சைஸ் 14லருந்து 18, தோலோட தடிமனா வர்ற வெட்ஜஸ் 18லருந்து 22, டேட்டர் டாட்ஸ் 12லருந்து 15, தட்டையான ஹாஷ் பிரவுன் 10லருந்து 12. இதுல வெட்ஜஸ் மட்டும் கொஞ்சம் சிக்கல், தடிமனா இருக்கதால 200ல வச்சா ஓரம் கருத்துட்டு நடு மாவா நிக்கலாம், அப்படி ஆச்சுன்னா 180ல 15 நிமிஷம், அப்புறம் 200ல 5 நிமிஷம்னு பிரிச்சு வைங்க.

வெஜ் நகெட்ஸ், ஃபிங்கர்ஸ் 190ல 10லருந்து 12. ஆனியன் ரிங்ஸ் 200ல 8லருந்து 10, இது சட்டுன்னு கருகுற ஐட்டம், கடைசி ரெண்டு நிமிஷம் பக்கத்துலயே நில்லுங்க.

கட்லெட், பர்கர் பேட்டி மாதிரி தடிமனான ஐட்டத்துக்கு டிகிரிய குறைச்சு நேரத்த கூட்டணும், 180ல 13லருந்து 16 நிமிஷம். காரணம் சுலபம், சூடு நடுவுக்குப் போய்ச்சேர நேரம் எடுக்கும், தடிமன் ரெண்டு மடங்கானா நேரம் ரெண்டு மடங்குக்கும் மேல ஆகும், அதுவரைக்கும் மேல் தோல் கருகாம காத்துக்கிட்டு இருக்கணும். வெளிய கருகி உள்ள ஜில்லுன்னு இருக்குங்கிற புகார் முக்கால்வாசி இங்கருந்துதான் வருது, எல்லாத்தையும் 200ல போட்டுப் பழகினதால.

ஸ்பிரிங் ரோல் எண்ணெய் தடவி 190ல 9லருந்து 12. சமோசா மாதிரி கனமான மாவும் பூரணமும் இருந்தா 180ல 14லருந்து 18, பச்சை மாவுன்னா இன்னும் ரெண்டு மூணு நிமிஷம் கூட ஆகலாம்.

சீஸ் உள்ள வச்ச ஸ்டிக், பால்ஸ் எல்லாத்துக்கும் 190ல 6லருந்து 8 நிமிஷம், அதுக்கு மேல ஒரு நிமிஷம் போனாலும் சீஸ் வெடிச்சு வெளிய வந்துடும். உருக விடாதீங்கன்னு மேல சொன்னது இதுக்கு ரெண்டு மடங்கு பொருந்தும், உள்ள சீஸ் கட்டியா இருக்கும்போதே வெளிய பூச்சு இறுகிடணும், அந்தப் பந்தயத்துல பூச்சு ஜெயிக்கணும்னா ஃப்ரீசர்லருந்து எடுத்த நொடி கூடைக்குப் போகணும்.

வெறும் காய்க்கு 200 டிகிரி: பீன்ஸ் 8லருந்து 10, ப்ரோக்கோலி 8லருந்து 12, காலிஃப்ளவர் 12லருந்து 16. உறைய வைக்கிறதுக்கு முன்னாடி சுடுதண்ணில போட்டெடுத்திருப்பாங்கங்கிறதால உள்ள சீக்கிரமே மெத்துன்னு ஆயிடும். கடையில பொரிச்ச மாதிரி மொறுமொறுப்பு இதுல எதிர்பாக்காதீங்க, ஓரம் சிவந்து வாசனையா வரும், அதுவே ரொம்ப நல்லா இருக்கும்.

ஒரு ஆளுக்கு மட்டும் கொஞ்சமா போடுறீங்கன்னா ரெண்டு நிமிஷம் முன்னாடியே பாருங்க, அளவு குறைஞ்சா ஐஸும் குறைவு, சீக்கிரம் முடிஞ்சிடும்.

ஸ்டெப் 7: குலுக்குறது, புரட்டுறது

ஃப்ரைஸ் மாதிரி ஐட்டம்னா 5 நிமிஷத்துக்கு ஒரு தடவ கூடைய வெளிய எடுத்து நல்லா குலுக்குங்க, கீழ இருக்கது மேல வரணும், லேசா ஆட்டிட்டு வச்சா பத்தாது. பூச்சு போட்ட ஐட்டத்த குலுக்காதீங்க. அதுவும் முதல் 4 நிமிஷம் தொடவே தொடாதீங்க, அப்பதான் பனி உருகி பூச்சு மெத்துன்னு இருக்கும் நேரம், இடுக்கி பட்டா தோலோட உரிஞ்சு வந்துடும். பாதி நேரம் தாண்டினதும் பூச்சு இறுகி கூடைய விட்டு தானா கழண்டு வரும், அப்ப ஒவ்வொண்ணா சிலிக்கான் இடுக்கியால புரட்டுங்க. இழுத்தா வரலன்னா இன்னும் நேரம் ஆகலன்னு அர்த்தம், ஒரு நிமிஷம் விட்டுட்டு மறுபடி பாருங்க. சீஸ் ஐட்டத்த புரட்டாமலே விட்டுடலாம்.

ஸ்டெப் 8: வெந்துடுச்சுன்னு எப்படி தெரியும்

டைமர விட காதும் கண்ணும் நம்பலாம். ஆரம்பத்துல திறந்தா குபுகுபுன்னு ஆவி முகத்துல அடிக்கும், அது வந்துக்கிட்டே இருந்தா இன்னும் தண்ணி இருக்கு. முடியுற நேரத்துல ஆவி குறைஞ்சு, கூடைய ஆட்டினா சலசலன்னு காஞ்ச சத்தம் கேக்கும். ஃப்ரைஸுக்கு இந்தச் சத்தம்தான் சரியான அடையாளம். பேட்டி, கட்லெட்டுக்கு ஒரு ப்ரோப் தெர்மாமீட்டர் வச்சிருந்தா நடுவுல குத்திப் பாத்து 74 டிகிரி காட்டினா போதும், இல்லன்னா இருக்கதுலயே தடிமனானத ரெண்டா பிச்சு நடுவுல உதட்டுக்கிட்ட வச்சுப் பாருங்க, சுடணும்.

நிறம் பொன் மஞ்சள்ல நிறுத்துங்க. உருளைக்கிழங்கு, பிரெட் மாதிரி மாவுச்சத்து இருக்க பொருள் 120 டிகிரிக்கு மேல சூடாகும்போது அக்ரிலமைடுங்கிற ஒரு வேதிப்பொருள் உருவாகுதுன்னு 2002ல ஸ்வீடன் ஆராய்ச்சியாளர்கள் வெளிய சொன்னாங்க, மிருகங்கள்ல செஞ்ச சோதனைல அது புற்றுநோயோட தொடர்பு காட்டினதால பல நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆளுங்களும் அத குறைக்கச் சொல்றாங்க. நிறம் எவ்ளோ கருக்குதோ அது அவ்ளோ கூடும். ஏர் ஃப்ரையர்ல எண்ணெய் கம்மிதானேன்னு கருகக் கருக விடுறது நல்லதில்ல, பிரவுன் ஆகுறதுக்கு கொஞ்சம் முன்னாடியே எடுத்தா ருசியும் கசக்காது.

ஸ்டெப் 9: எடுத்ததும் மூடாதீங்க

கஷ்டப்பட்டு மொறுமொறுன்னு செஞ்சத கடைசி ரெண்டு நிமிஷத்துல கெடுக்குறது ரொம்ப சாதாரணமா நடக்குது. சூடா எடுத்து டப்பால போட்டு மூடினா, இல்ல குவியலா தட்டுல கொட்டினா, உள்ளருந்து வர ஆவிக்குப் போக்கிடம் இல்லாம மறுபடி தோல்லயே இறங்கிடும். கம்பி ரேக்ல ஒரே வரிசையா 2 நிமிஷம் விடுங்க, அடிப்பக்கமும் காத்து படணும். ரேக் இல்லன்னா ஏர் ஃப்ரையர ஆஃப் பண்ணிட்டு கூடைய பாதி வெளிய இழுத்து வச்சாலே போதும். சாஸ் தனியா கிண்ணத்துல. சீஸ் ஐட்டத்த குழந்தைங்களுக்கு உடனே குடுக்காதீங்க, மேல ஆறின மாதிரி இருக்கும், உள்ள சீஸ் நாக்க பொசுக்கிடும்.

சரியா வரலன்னா எங்க பாக்கணும்

நமத்துப்போச்சுன்னா முதல்ல கூடைல போட்ட அளவ சந்தேகப்படுங்க, அப்புறம் ப்ரீஹீட்ட, அப்புறம்தான் டிகிரிய. இடம் இடமா வெள்ளை மாவா தெரிஞ்சா அங்க எண்ணெய் பத்தல, பிரஷ்ல ஒரு தொடல் தொட்டு 2 நிமிஷம் வைங்க. உள்ள காஞ்சு ரப்பர் மாதிரி ஆச்சுன்னா டிகிரி கம்மியா வச்சு ரொம்ப நேரம் ஓட விட்டிருப்பீங்க. ஸ்பிரிங் ரோல் வெடிக்குதுன்னா உள்ள ஆவி அடைஞ்சிடுது, 10 டிகிரி குறைச்சுப் பாருங்க. வெள்ளைப் புகை வந்தா கீழ ட்ரேல சேந்த எண்ணெய் புகையுது, அடுத்தடுத்த ஈடுகளுக்கு நடுவுல ட்ரேய துடைச்சிட்டா நின்னுடும். கருப்புப் புகை வந்தா உடனே பிளக்க பிடுங்குங்க, ஏதோ காயில்ல ஒட்டி எரியுது, நல்லா ஆறினப்புறம் திறங்க.

மிச்சம் ஆனா

வெந்தத 2 மணி நேரத்துக்கு மேல வெளிய வைக்காதீங்க, ஆறினதும் ஃப்ரிட்ஜ்ல வச்சு மூணு நாள்ல முடிச்சிடுங்க. திரும்ப சூடு பண்றதுக்கு மைக்ரோவேவ் வேணவே வேணாம், ஏர் ஃப்ரையர்ல 175 டிகிரி, 3லருந்து 5 நிமிஷம், இப்ப உள்ள ஐஸ் இல்லாததால சீக்கிரம் ஆகும், தடிமனான பேட்டிய மட்டும் நடுவுல சுடுதான்னு பாத்துக்கோங்க. உறைஞ்ச பாக்கெட் கரன்ட் போய் வெளில முழுசா உருகிடுச்சுன்னா திரும்ப உறைய வைக்காதீங்க, குளிர்ச்சி போகாம இருந்தா அன்னைக்கே சமைச்சிடுங்க, வெதுவெதுன்னு ஆயிருந்தா தூக்கிப்போடுங்க.

கழுவுறது

பிளக்க எடுத்துட்டு கூடை ஆறினதும் வெந்நீர்ல கொஞ்சம் டிஷ்வாஷ் லிக்விட் விட்டு கால் மணி நேரம் ஊற வச்சா ஒட்டின க்ரம்ப்ஸ் எல்லாம் தானா கழண்டுடும், மெத்துன்னு ஸ்பாஞ்ச் போதும், ஸ்டீல் நார் வேணாம். நான் ஸ்டிக் உரிஞ்சு செதில் செதிலா வர ஆரம்பிச்சா கூடைய மட்டும் புதுசா மாத்திடுங்க. வீட்ல பறவை வளக்குறவங்க மெஷின அதுங்க இருக்க ரூம்ல ஓட்டவே கூடாது, அளவுக்கு மீறி சூடான நான் ஸ்டிக் பூச்சுலருந்து வர புகை பறவைங்க உயிருக்கே ஆபத்து. மாசத்துல ஒரு தடவையாவது நல்லா ஆறின மெஷின தலைகீழா சாய்ச்சு மேல இருக்க காயில பாருங்க, அங்க தெறிச்ச எண்ணெய் படிஞ்சு பழுப்பா இருக்கும், ஈரத்துணிய நல்லா பிழிஞ்சு துடைச்சு, முழுசா காஞ்சப்புறம் ஆன் பண்ணுங்க.